விருந்தோம்பற் பெருமையும் விருந்தின் பின்வரும் அமைதியும்

தமிழரின் பண்பாட்டுச் சிறப்புக்களை எடுத்தியம்பப் புகுவோர் எவரும் விருந்தோம்பலை விட்டுவைப்பதில்லை. தைப்பொங்கல் மலர்களிலும் தீபாவளிச் சிறப்பிதழ்களிலும் கலைவிழா மேடைகளிலும் ஆண்டுதோறும் இப்பெருமை பாராட்டப்படுகின்றது. வந்தாரை வரவேற்றல், முகமலர்ந்து உபசரித்தல், பல்சுவை உண்டி படைத்தல், வாயில்வரை சென்று வழியனுப்புதல் என்பன விரித்துரைக்கப்படுகின்றன. வழியனுப்புதலோடு பேச்சும் முடிந்துவிடுகின்றது. படலை சாத்தப்பட்ட பின்னர் அவ்வீட்டினுள் நிகழ்வது யாது என்ற வினா மேடையிலும் எழுவதில்லை, மலரிலும் எழுவதில்லை. விருந்தோம்பல் என்னும் அறம் எதன்மீது கட்டப்பட்டுள்ளது என்பதை அறிய விரும்புவோர் நோக்கவேண்டியது எவரும் நோக்காத அந்த நேரத்தையே.

விருந்து முடிந்த வீட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொங்கல் நாளின் பிற்பகல். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் விடுமுறைக்கு வந்தோர், இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியோர், அயலவர், அலுவலக நண்பர் ஆகிய யாவரும் உண்டு மகிழ்ந்து விடைபெற்றுவிட்டனர். விறாந்தையிற் சாய்மனைக் கதிரையிற் குடும்பத் தலைவர் கண்ணயர்கின்றார். பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன்னோ கைத்தொலைபேசியோடோ அமர்ந்திருக்கின்றனர். முற்றத்துக் கோலம் காலடிகளால் அழிந்து கிடக்கின்றது. வீட்டில் ஆழ்ந்த அமைதி நிலவுகின்றது. இவ்வமைதி இனியது, விழாவின் நிறைவை உணர்த்துவது என்பர். ஆயின் செவிகொடுத்துக் கேட்பின் அதனுள் ஓர் ஓசை உண்டு. குசினியில் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டும் அகப்பையின் ஓசை; கிணற்றடியிற் பானையைத் தேய்க்கும் தும்பின் ஓசை; கழுவிய கோப்பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் ஓசை. அமைதி என்று வீட்டார் கூறுவது இவ்வோசையைக் கேளாதிருக்கும் பழக்கத்தையே.

விருந்தின் பின்னான அமைதி வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவானதன்று. அது ஒரு சாராரின் ஓய்வு. மறு சாராரின் உழைப்பால் ஆக்கப்படுவது. இவ்வுண்மையை மறைத்துக்கொண்டு விருந்தோம்பலைத் தமிழினத்தின் பொதுச் சொத்தாகப் பறைசாற்றுவது ஒருவகை மோசடியாகும். உழைப்பைப் பற்றியும் சுரண்டலைப் பற்றியும் ஓயாது பேசும் கற்றோர் கூட்டத்திலும் இம்மோசடி எவ்விதத் தடையுமின்றி நிலவுகின்றமையே இங்கு விசாரணைக்குரியது.

பானையின் வாயும் அடியும்

யாழ்ப்பாணத்துப் பொங்கலின் ஒழுங்குமுறை இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும். விடியுமுன்னரே முற்றம் கூட்டிச் சாணமிட்டு மெழுகப்படுகின்றது; மாக்கோலம் இடப்படுகின்றது; மூன்று கற்கள் வைத்து அடுப்பு மூட்டப்படுகின்றது; மஞ்சளும் இஞ்சியும் பானையிற் கட்டப்படுகின்றன; நிறைகுடமும் குத்துவிளக்கும் வைக்கப்படுகின்றன. பால் பொங்கி எழும் வேளையிற் குடும்பத் தலைவர் கதிரவனை நோக்கி நின்று இரு கைகளாலும் அரிசியை அள்ளிப் பானையை வலஞ்சுற்றி இடுகின்றார். வெடி கொளுத்தப்படுகின்றது. குடும்பம் முழுவதும் அப்பானையின் வாயைப் பார்த்து நிற்கின்றது. ஆண்டில் ஏனைய நாட்களில் அடுப்படியை எட்டியும் பாராத ஆடவர் பலர் அடுப்பின் அருகில் நிற்கும் நாள் இது.

இதிற் கவனிக்கத்தக்கது யாதெனில், சமையல் வீட்டின் பின்புறத்தில் நிகழும் நாளெல்லாம் அது பெண்ணின் வேலையாகக் கருதப்படுகின்றது. முன்முற்றத்திற்கு வந்து சடங்காக உயர்வுபெறும் ஒரு நாளில் மட்டும் அதன் தலைமை ஆடவரைச் சேர்கின்றது. அப்பானைக்கு அடியும் உண்டு. புகையேறிக் கரிபடிந்த அவ்வடியையும், உட்புறத்திற் சர்க்கரையும் அரிசியும் பற்றிக் காய்ந்த பாகத்தையும் தேய்த்துக் கழுவும் நேரத்தில் நிறைகுடமும் இல்லை, வெடியும் இல்லை, பார்த்து நிற்போரும் இல்லை. பால் பொங்குவதைக் காண உறவெல்லாம் கூடுகின்றது. பானையைத் தேய்க்க ஒருத்தியே எஞ்சுகின்றாள். ஒரே பானை தொடர்பான இரு செயல்களுள் ஒன்று வழிபாடாகவும் மற்றது வெறும் வேலையாகவும் பிரிக்கப்பட்டமை இயற்கையால் நேர்ந்ததன்று. சமூகம் வகுத்த பிரிவினையே.

இப்பிரிவினை பெண்ணை மட்டும் தாக்கியதெனவும் கொள்ள முடியாது. பெருவீடுகளின் விருந்தோம்பல் ஒருகாலத்திற் சாதியாற் கட்டுண்ட மக்களின் உழைப்பிலேயே தங்கியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை அடிமைகளைச் சொத்தாக ஏற்றுக்கொண்டிருந்தது. 1844 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழித்ததைக் குடிமை முறை நெடுங்காலம் காத்துவந்தது. விறகு கொத்தியவரும் இலை வெட்டியவரும் நீர் அள்ளியவரும் பந்தியில் அமர முடியாதிருந்தனர். கொல்லைப்புறத்திற் காத்திருந்து மிஞ்சியதைப் பெற்றுச் சென்றனர். 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் போன்ற இயக்கங்களும் பின்வந்த சாதியொழிப்புப் போராட்டங்களும் பந்தியில் அமரும் உரிமையைப் பொது அரங்கில் ஒரு வினாவாக ஆக்கின. அது பெரும் சாதனையே. யார் அமர்வது என்ற அவ்வினாவின் மறுபாதி, பந்தி எழுந்த பின் யார் குனிவது என்பதாகும். அவ்வினா இன்றுவரை பொது அரங்கிற்கு உரியமுறையில் வந்து சேரவில்லை.

இலக்கியம் கண்டதும் காணாததும்

விருந்தோம்பலைப் புகழ்வோர் பழந்தமிழ் இலக்கியத்தையே சான்று காட்டுவர். அச்சான்றுகளை அவர்கள் முழுமையாகப் படிக்கின்றனரா என்பது ஐயத்திற்குரியது. தொல்காப்பியத்தின் கற்பியல், விருந்து புறந்தருதலைக் கிழவோளின் மாண்புகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகின்றது. அஃதாவது, அறத்தின் உழைப்புப் பகுதி எவரைச் சார்ந்தது என்பதை இலக்கண நூலாசிரியர் மறைக்கவில்லை. திருக்குறளில் நிலை வேறு. விருந்தோம்பல் என்னும் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓம்புவான், மிசைவான், பார்த்திருப்பான் என வரும் வினையாலணையும் பெயர்கள் யாவும் ஆண்பாலன. அவ்வதிகாரத்தில் இடம்பெறும் பெண் திருமகள் ஒருத்தியே, அவளும் விருந்தோம்புவானின் இல்லத்தில் மகிழ்ந்து உறைபவள், அடுப்பூதுபவள் அல்லள்.

அவ்வதிகாரத்தின் ஐந்தாவது குறள், விருந்தினரை உண்பித்து எஞ்சியதை உண்பவனின் நிலத்திற்கு விதையிடலும் வேண்டுமோ என வினவுகின்றது. எஞ்சியதை உண்ணல் இங்கு உயர்ந்த அறமாகப் போற்றப்படுகின்றது. நடைமுறையில் எஞ்சியதை உண்பவர் யார் என்பதை எந்தத் தமிழ்க் குடும்பமும் அறியும். பந்தி பல எழுந்த பின், குழம்பின் அடியும் ஆறிய சோறும் உடைந்த வடையுமாக மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ உண்பவள் இல்லாள். ஆனால் வள்ளுவர் கூறும் நிலம் அவளுடையதா? 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தனக்கே சொந்தமான அசையாச் சொத்தையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாதென விதித்தது. மிச்சிலை அவள் உண்டாள். புலத்தின் மீதான அதிகாரம் அவனிடம் இருந்தது.

பெரியபுராணத்தில் இளையான்குடிமாற நாயனார் வரலாறு இன்னும் தெளிவானது. மழை பெய்யும் நள்ளிரவில் அடியவர் ஒருவர் வருகின்றார். வீட்டில் அரிசியில்லை. அன்று பகல் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்ற யோசனையைக் கூறுபவர் மனைவியார். வாரிவந்த முளைநெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்குபவரும் அவரே. கீரையைப் பலவகைக் கறிகளாக ஆக்குபவரும் அவரே. விறகில்லாதபோது கூரைக் கழிகளைப் பிடுங்கித் தந்தவர் நாயனார். இறைவன் இருவரையுமே ஆட்கொள்கின்றார். ஆயினும் அறுபத்துமூவருள் இடம்பெறுபவர் ஒருவரே. குருபூசை அவருக்கே எடுக்கப்படுகின்றது. மனைவியாரின் பெயரைச் சேக்கிழார் தரவில்லை. மதியால் விருந்தைக் காத்தவருக்குப் பெயரில்லை என்பது சைவ உலகம் சிந்திக்கவேண்டிய செய்தியாகும்.

புலவர்கள் அனைவரும் உழைப்பைக் காணாதிருந்தனர் எனக் கூறுவது அநீதியாகும். தாளிப்பின் புகை மையுண்ட கண்களிற் படிய, தயிர் பிசைந்த விரல்களை உடுத்த ஆடையில் துடைத்துக்கொண்டு சமைக்கும் இளம் மனைவியைக் குறுந்தொகையின் 167 ஆம் பாடலிற் கூடலூர் கிழார் காட்டுகின்றார். மாதரி வீட்டிற் கண்ணகி காய் அரிந்து விரல் சிவந்ததையும், முகம் வியர்த்ததையும், அடுப்பின் வெம்மையாற் கண் சிவந்ததையும் இளங்கோ மறைக்கவில்லை. ஆனால் இச்சித்திரங்கள் அனைத்தும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. குறுந்தொகையிற் கணவன் இனிது எனக் கூறி உண்கின்றான், அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது, பாடல் முடிகின்றது. சிலம்பிற் கோவலன் உண்டு வெற்றிலை பெற்றுப் புறப்படுகின்றான். கதை அவனைப் பின்தொடர்ந்து மதுரைக்குச் செல்கின்றது. உண்ட கலம் எவராற் கழுவப்பட்டது என்பதைச் சொல்லக் கவிஞர் அங்கு நிற்கவில்லை.

நற்றிணையின் 120 ஆம் பாடல் இதனினும் கூர்மையான ஓர் உண்மையை வெளியிடுகின்றது. பரத்தையரிடம் சென்று திரும்பிய தலைவன் மனைவியின் சினத்திற்கு அஞ்சுகின்றான். அவளோ வியர்வை அரும்ப அடுக்களையில் நிற்கின்றாள். இவ்வேளையில் விருந்தினர் எவரேனும் வரமாட்டாரா என அவன் விரும்புகின்றான். விருந்தினர் முன்னிலையில் அவள் சினத்தை அடக்கி முறுவலிப்பாள் அன்றோ! தொல்காப்பியர் ஊடல் தீர்க்கும் வாயில்களின் பட்டியலில் விருந்தினரையும் சேர்த்தமை தற்செயலானதன்று. விருந்தோம்பல் பெண்ணின் நியாயமான சினத்தை விழுங்கச் செய்யும் கருவியாகவும் தொழிற்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. விழுங்கிய சினம் விருந்தினரோடு வெளியேறிவிடுவதில்லை. படலை சாத்தப்பட்டதும் அது திரும்பி வருகின்றது. முறுவலைக் களைந்த முகம் கிணற்றடியில் யாருக்கும் தெரியாமல் இருக்கும் நேரமும் அதுவே. இந்த அமைதியைத்தான் பிற்காலத்துச் சொற்பொழிவாளர்கள் இல்லற நிறைவு எனப் பொழிப்புரைத்தனர்.

கணக்கில் வராத உழைப்பு

இவ்வுழைப்பு கண்ணுக்குத் தெரியாமைக்குக் காரணம் அதன் சிறுமையன்று. அது கணக்கில் எழுதப்படுவதில்லை என்பதே காரணம். நாடுகள் பின்பற்றும் தேசிய கணக்குமுறையின்படி, ஒரு வீட்டார் தமக்காகத் தாமே செய்யும் சமையலும் துப்புரவும் பராமரிப்பும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இடம்பெறுவதில்லை. மார்கிரட் ரீட் என்னும் பொருளியலாளர் 1934 இலேயே இதற்கு எளிய அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். ஒரு வேலையைக் கூலிபெறும் வேறொருவரைக்கொண்டு செய்விக்க இயலுமாயின் அது உற்பத்தியே என்பது அவர் வாதம். விருந்தை உண்பதற்கு ஒருவரைக் கூலிக்கு அமர்த்த முடியாது. விருந்துக் கலங்களைக் கழுவுவதற்கு அமர்த்த முடியும்.

இலங்கையர்க்கு இவ்வளவுகோலை விளக்க நூல்கள் வேண்டியதில்லை. 1970களின் இறுதியிலிருந்து இந்நாட்டுப் பெண்கள் பல்லாயிரவர் பணிப்பெண்களாக மத்தியகிழக்கு நாடுகளுக்குச் சென்றுள்ளனர். மட்டக்களப்பிலோ மலையகத்திலோ தன் வீட்டில் ஒரு பெண் அண்டா கழுவினால் அது கடமை. அவளே குவைத்தில் வேறொருவர் வீட்டில் அதே அண்டாவைக் கழுவினால் அது தொழில். அவள் அனுப்பும் பணம் நாட்டைத் தாங்கும் அந்நியச் செலாவணி. வேலை மாறவில்லை, கடல் ஒன்று இடைவந்தது. கடலுக்கு இப்பாலுள்ள அதே உழைப்பைப் பயனற்றதாகக் கருதும் பொருளியல் எத்தகைய பொருளியல்!

உலகத் தொழிலாளர் தாபனத்தின் 2018 ஆம் ஆண்டு அறிக்கை, ஊதியமற்ற பராமரிப்பு உழைப்பின் மொத்த மணித்தியாலங்களில் 76.2 வீதத்தைப் பெண்களே செய்வதாகக் கணக்கிட்டது. பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் இவ்வுழைப்பிற் செலவிட, ஆண் 1 மணி 23 நிமிடம் செலவிடுகின்றான். அயல்நாடான இந்தியாவில் 2019 இல் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது தெரியவந்தது. இலங்கையிலும் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இத்தகைய ஏற்றத்தாழ்வையே காட்டிற்று. இவை சாதாரண நாட்களின் சராசரி. பொங்கலும் தீபாவளியும் ஊர்க்கோயிற் கொடியேற்றமும் கொண்டுவரும் வேலைச் சுமை இச்சராசரிக்குள் அமிழ்ந்துவிடுகின்றது. ஏனையோருக்கு விடுமுறையான நாளில் வேலை இரட்டிப்பாகும் ஒரே தொழிலாளி இல்லாளே.

மறுப்புரைகள்

இவ்வாறு கூறுங்கால் எழும் மறுப்புக்கள் பல. அவற்றுட் சில விடைபெறத் தகுதியுடையன.

முதலாவது, இது அன்பினாற் செய்யப்படும் பணி. அன்பைக் கூலிக் கணக்காற் கொச்சைப்படுத்தலாகாது என்பது. அன்பு உண்டென்பதை மறுப்பார் இலர். உறவினர் வயிறார உண்பதைக் கண்டு மகிழும் பெண்ணின் மகிழ்ச்சி பொய்யானதன்று. ஆனால் அதே உறவினர்மீது ஆடவருக்கும் அன்பு உண்டன்றோ? அவ்வன்பு ஏன் கிணற்றடிவரை செல்வதில்லை? ஒருவரின் அன்பு பேச்சாகவும் மற்றவரின் அன்பு முதுகுவலியாகவும் வெளிப்படுமாயின் அங்கு நிலவுவது அன்பின் வேறுபாடன்று.

இரண்டாவது மறுப்பு சற்று நுண்ணியது. எல்லோரும் சென்றபின் குசினிப் படியில் தனியே அமர்ந்து ஒரு தேநீர் அருந்தும் அந்நேரத்தைப் பெண்களே விரும்புகின்றனர். அதனை அவலமாகச் சித்திரிப்பது மிகை என்பர். அந்த இன்பம் உண்மையானது. அந்நேரத்தில் எவரும் அவளை அழைப்பதில்லை. எவருக்கும் எதுவும் எடுத்து நீட்டவேண்டியதில்லை. நாளின் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கவும், யார் மெலிந்திருந்தார், யார் வராதிருந்தார், எந்தப் பிள்ளை உயர்ந்துவிட்டது என மனத்தில் அடுக்கவும் அவளுக்கு இயலுகின்றது. பகலெல்லாம் விருந்தினரைக் கவனித்தவள் அவர்களைச் சந்திப்பது உண்மையில் அப்போதுதான். இவ்வின்பத்தைப் பறிக்கவேண்டுமென எவரும் கேட்கவில்லை. பத்து நிமிடத் தனிமை ஒரு பெரும் பேறாகத் தோன்றுமளவிற்கு மற்றைய நேரமெல்லாம் பிறருடையதாக இருப்பதே கேள்விக்குரியது. விருந்தினர் இருக்கும்போதே அவர்களோடு அமர்ந்து பேசும் உரிமை அவளுக்கு இருந்திருக்குமாயின், அவர்கள் சென்றபின் நினைவில் மட்டும் சந்திக்கவேண்டிய தேவை நேர்ந்திராது.

மூன்றாவது, ஆடவரும் உழைக்கின்றனர் என்பது. சந்தைக்குச் செல்வது, தேங்காய் பிடுங்குவது, வாழைக்குலை தூக்குவது, பந்தலிடுவது ஆகியவற்றை அவர்கள் செய்கின்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் இரவுபகலாக வரிசையில் நின்றோருள் ஆடவர் பெருந்தொகையினர். இது ஏற்றுக்கொள்ளத்தக்கதே. எனினும் அவ்வேலைகள் யாவும் விருந்துக்கு முன்னர் முடிபவை. அவை முடிந்தபின் ஆடவருக்கு ஓய்வு உண்டு, பாராட்டும் உண்டு. முன்னும் இடையிலும் பின்னும் தொடரும் உழைப்புக்கு எல்லை இல்லை. அதே 2022 இல் எரிவாயு கிடையாத வீடுகளில் விறகடுப்பு மீண்டபோது, கரிபடிந்த சட்டிகளும் கூடவே மீண்டன.

நான்காவது, இயந்திரங்கள் வந்துவிட்டன என்பது. அரைக்கும் பொறியும் எரிவாயு அடுப்பும் சுமையைக் குறைத்தமை மெய். ஆயின் ரூத் கோவன் என்னும் வரலாற்றாசிரியர் 1983 இல் வெளியிட்ட நூலில் அமெரிக்க வீடுகளை ஆராய்ந்து, பொறிகள் பெருகியபோது எதிர்பார்ப்புக்களும் பெருகியமையால் இல்லாளின் வேலை நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை எனக் காட்டினார். யாழ்ப்பாணத்துக்கும் இது பொருந்தும். அம்மியில் அரைத்த காலத்தில் இரண்டு கறியோடு அமைந்த விருந்து, பொறி வந்தபின் ஏழு கறியாக வளர்ந்தது. அப்பொறியைக் கழற்றிக் கழுவுபவரும் அவளே.

ஐந்தாவது, வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பது. வசதிபடைத்தோரின் இத்தீர்வு தீர்வாகாது. சுமையை ஒரு பெண்ணின் தோளிலிருந்து வறிய இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாற்றுவதே அது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நடுத்தர வர்க்கத் தமிழ் வீடுகளின் குசினிகளில் மலையகத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுமிகள் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரம் கழுவினர். இலங்கையில் வேலைக்கு அமர்த்தற்குரிய குறைந்த வயது 2021 ஆம் ஆண்டிலேயே 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. தன் வீட்டுப் பொங்கலை விட்டு வந்து பிறர் வீட்டுப் பொங்கற்பானையைத் தேய்த்த அச்சிறுமியின் அமைதியைப் பற்றி எந்தப் பொங்கல் மலரும் எழுதியதில்லை. பெண்விடுதலை பேசுவோரும் இவ்விடத்திற் கவனமாயிருத்தல் வேண்டும். வீட்டுத் தலைவியின் ஓய்வு மலையகச் சிறுமியின் பள்ளிப்பருவத்தை விலையாகக் கொடுத்துப் பெறப்படுமாயின் அதனை விடுதலை என்பது தகாது.

இறுதியான மறுப்பு இடதுசாரி முகாமிலிருந்தும் தேசிய முகாமிலிருந்தும் ஒருங்கே வருவது. போரும் இடப்பெயர்வும் பொருளாதார வீழ்ச்சியும் கண்ட சமூகத்திற் சட்டி கழுவுதல் ஒரு பிரச்சினையா? முதலில் சமுதாயம் மாறட்டும், இனம் விடியட்டும், வீடு பின்னர் தானே மாறும் என்பது அவ்வாதம். ஏங்கல்ஸ் 1884 இல் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதியபோதே, குடும்பத்துள் நிலவும் ஆதிக்கத்தைச் சொத்துறவின் அடித்தளத்தோடு இணைத்துக் காட்டிவிட்டார். அதைப் படித்தோரே இவ்வாறு கூறுவது வியப்பு. மேலும் 2009 இற்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெண்களே தலைமைதாங்கும் குடும்பங்கள் பெருகியுள்ளன. அவ்வீடுகளில் அரிசியை இடுபவளும் அவளே, பானையைத் தேய்ப்பவளும் அவளே, கடன்பட்டுச் சர்க்கரை வாங்குபவளும் அவளே. போர் இப்பிரச்சினையைச் சிறிதாக்கவில்லை, பெரிதாக்கிற்று. நாள்தோறும் மூன்றுவேளை நிகழும் ஏற்றத்தாழ்வைப் பின்போடுவோர், அதனால் தாம் பெறும் ஓய்வையும் பின்போடச் சம்மதிப்பாரா?

செய்யத்தக்கது யாது

விருந்தை நிறுத்துக எனக் கூறுவது இவ்வாதத்தின் முடிபன்று. சிதறிப்போன ஒரு சமூகத்திற்குக் கூடி உண்ணும் நாள் இன்றியமையாதது. பல ஆண்டுகளாக முகங்காணாத சகோதரர் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து உண்பதன் பெறுமதியை எந்தப் புள்ளிவிபரமும் அளக்காது. அத்தகைய விருந்து நிலைபெறவேண்டுமாயின் அதனைத் தாங்கும் உழைப்பு பகிரப்படல் வேண்டும். ஐஸ்லாந்துப் பெண்களுள் ஏறத்தாழ 90 வீதத்தினர் 1975 ஒக்டோபர் 24 இல் தொழிலையும் வீட்டு வேலையையும் ஒருங்கே நிறுத்தினர். அந்த ஒரு நாளில், அதுவரை கண்ணிற்படாதிருந்த உழைப்பு எவ்வளவு என்பதை அந்நாடு உணர்ந்தது. தமிழ் வீடுகள் பாடம் கற்க அத்தகைய நாள் வரவேண்டுமென்பதில்லை.

உண்டவர் தம் கோப்பையைத் தாமே கழுவுதல், விருந்தினர் உட்பட இளையோர் ஆண்பெண் வேறுபாடின்றிக் கிணற்றடிக்குச் செல்லுதல், கடைசிப் பாத்திரம் கவிழ்க்கப்படும்வரை எவரும் சாய்மனைக் கதிரையை நாடாதிருத்தல், சமைத்தவர் முதற்பந்தியிலேயே அமர்தல் என்பன எளியவை. மகனுக்குத் துவிச்சக்கரவண்டியும் மகளுக்குத் தும்பும் கொடுக்கும் வளர்ப்புமுறை அகன்றாலன்றி இவை நிலைபெறா. இவற்றை மேனாட்டு நாகரிகமென இகழ்வோர், இளையான்குடிமாறர் மழையில் நனைந்து விதைநெல் வாரியதையும் தம் கையாற் கூரைக்கழி பிடுங்கியதையும் மறந்தவராவர். விருந்துக்காக ஆடவன் வருந்தி உழைத்தலும் இம்மரபுக்குள்ளேயே உண்டு.

தமிழ் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இதிற் தனிப்பொறுப்பு உண்டு. குறுந்தொகை 167 ஐ இல்லற இனிமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் படிப்பிக்கும் வழக்கம் மாறவேண்டும். அப்பாடலிலுள்ள புகை, உவமையாக வரவில்லை. ஒரு பெண்ணின் கண்ணிற் படிந்த புகையாகவே வருகின்றது. விருந்தோம்பல் அதிகாரத்தின் ஆண்பாற் சொற்களைப் பற்றி விரிவுரை மண்டபத்தில் வினா எழவேண்டும். 1931 இல் வாக்குரிமையும் 1945 இல் இலவசக் கல்வியும் பெற்ற இந்நாட்டுப் பெண்கள் இன்று பல்கலைக்கழக மாணவருட் பாதிக்கு மேற்பட்டோராக உள்ளனர். அவர்கள் முன்னிலையில் அவ்வினாவைத் தவிர்ப்பது இனி இயலாது.

பல்கலைக்கழகத்தின் பொங்கல் விழாவே இதற்குத் தக்க தொடக்கமாகும். அவ்விழாவிற் கோலமிடுவோரும் அடுப்பருகே நிற்போரும் பெரும்பாலும் மாணவியர். மேடையில் விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆடவர். உரையாற்றுவோர் பட்டியல் விழாவுக்கு முன்னரே அறிவித்தற் பலகையில் இடப்படுகின்றது. பாத்திரம் கழுவுவோர் பட்டியலும் அதனருகே இடப்படட்டும். இரு பட்டியல்களிலும் அதே பெயர்கள் காணப்படட்டும். விருந்தோம்பலைப் பற்றிப் பேசும் தகுதி அவர்களுக்கு உண்டென்பதை அப்போது எவரும் மறுக்கமாட்டார்.